நெல்லியடியில் ஒரு பற்றரியின் ஆயுள்

அண்மையில் கனடாவிலிருந்து வந்திருந்த என் பேரன், புறப்படும்போது என் மேசைக்கணினிக்குக் கம்பியில்லாச் சுட்டி ஒன்றை அன்பளிப்பாகத் தந்துவிட்டுப் போனான். மின்னேற்றிப் பயன்படுத்தும் வகை. ஒரு தடவை ஏற்றினால் பல வாரங்கள் நிற்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. என் கையிலோ பத்தாம் நாளே அது மூச்சை நிறுத்திக்கொண்டது. தொலைபேசியில் முறையிட்டேன்.

"அப்பப்பா, இரவில அதின்ர அடியில இருக்கிற சுவிச்சை நிப்பாட்டி வையுங்கோ. வேலை இல்லாத நேரத்திலயும் அது கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கும்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பற்றரியைச் சிக்கனமாகப் பாவிப்பது எப்படி என்று நெல்லியடிக்காரன் ஒருவனுக்கு ரொறன்ரோவிலிருந்து பாடம் நடக்கிறதே என்பதுதான் காரணம். அந்தக் கலையில் நாங்கள் பட்டம் பெற்றவர்கள். அந்தக் கதையை எழுதிவைக்க வேண்டும் என்று அன்றே தோன்றியது.

யாழ்ப்பாணம் – பருத்தித்துறை வீதியில், கரவெட்டியை ஒட்டி அமைந்த சந்தை நகரம் நெல்லியடி. 1987 யூலை 5ஆம் நாள், இராணுவம் முகாமிட்டிருந்த நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தின் மீது நடந்த தாக்குதலோடு அதன் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது. அதற்கு முன்னும் பின்னும் அங்கே வெங்காயமும் புகையிலையும் பேசி வாழ்ந்த சனங்களின் கதை செய்தியாகவில்லை. நான் சொல்லப்போவது அந்தச் சனங்களின் கதையை.

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோயிற்று. தொடர்ந்து பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், உரம், சீமெந்து என்று நீண்ட தடைப்பட்டியலில் உலர் மின்கலங்களும் இருந்தன. றேடியோவுக்கும் ரோச் லைற்றுக்கும் போடுகிற சாதாரண பற்றரி, கள்ளமாக வந்துசேரும்போது பொன்னின் மதிப்பைப் பெற்றுவிட்டது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். அந்த வெளிச்சத்தில் படித்தே பல்கலைக்கழகம் போனவர்கள் இன்று உலகமெங்கும் இருக்கிறார்கள். இதை வாசிப்பவர்களிலும் சிலர் இருக்கக்கூடும்.

விளக்குக்கு மாற்று வழி இருந்தது. செய்திக்கு என்ன வழி? பி.பி.சி. தமிழோசையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாசு வானொலியுமே எங்களுக்கு வெளியுலகச் சாளரங்கள். பத்திரிகைத் தொழிலில் இருந்த எனக்கோ, இரவுச் செய்தியைத் தவறவிட்டால் மறுநாள் காலையில் எழுத ஒன்றுமில்லை.

ஆகவே பற்றரியின் ஆயுளை நீட்டும் வித்தைகள் வீட்டுக்கு வீடு பிறந்தன. களைத்த பற்றரியைக் கழற்றி வெயிலில் வைப்போம். மாலையில் அது கால் மணி நேரமாவது பேசும். அடிப்பக்கத்தில் ஆணியால் துளையிட்டு உப்புத் தண்ணீர் விட்டு மெழுகால் அடைத்தவர்களும் உண்டு. செய்தி முடிந்ததும் பற்றரிகளைக் கழற்றித் துணியில் சுற்றி வைப்பது எங்கள் வீட்டில் சட்டம். பாட்டுக் கேட்பது தண்டனைக்குரிய குற்றம்.

இவை வெறும் கைவைத்தியங்கள் அல்ல, விஞ்ஞானம் உண்டு. 1866இல் பிரான்சின் ஜோர்ஜ் லெக்லாஞ்சே அமைத்த மின்கலத்தை, ஜேர்மனியரான கார்ல் காஸ்னர் 1886இல் ஈரம் சிந்தாத உலர் மின்கலமாக்கினார். துத்தநாகக் குவளை, நடுவில் கரிக்கோல், அதைச் சுற்றி மங்கனீசு ஈரொட்சைட்டு, இடையே அமோனியம் குளோரைட்டுப் பசை. தொடர்ந்து மின்னோட்டம் எடுத்தால் கரிக்கோலைச் சுற்றி விளைபொருள்கள் தேங்கி அழுத்தம் குறைகிறது. ஓய்வு கொடுத்தால் அவை பரவிக் கலைகின்றன. வெப்பம் இதை விரைவுபடுத்துகிறது. உப்புத் தண்ணீர், காய்ந்த பசைக்கு ஈரம் ஊட்டுகிறது. ஆனால் கரைந்துபோன துத்தநாகம் திரும்பி வராது. நாங்கள் செய்தது உயிர்ப்பித்தல் அன்று. எஞ்சியிருந்த உயிரைக் கடைசிச் சொட்டுவரை பிழிந்தெடுத்தல்.

பற்றரி அடியோடு செத்தபின் கைகொடுத்தது சைக்கிள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லில் டைனமோவைப் பொருத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் செய்தி கேட்போம். டைனமோ தருவது ஆறு வோல்ற் ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். இடையே டயோட்டும் கொள்ளளவியும் வைத்துக் கட்டிய பெடியன்கள் எந்தத் தொழிற்கல்லூரிக்கும் போனவர்கள் அல்லர். வேகமாகச் சுற்றினால் அழுத்தம் ஏறி றேடியோ எரிந்துபோகும் என்பதால், விஷயம் தெரிந்தவர்கள் சைக்கிள் பல்பையும் சேர்த்தே எரியவிட்டார்கள். சுற்றுபவர் களைத்தால் இலண்டன் அறிவிப்பாளரின் குரலும் களைத்தது.

1994இல் ஆட்சி மாறியபின் சில பொருள்களின் தடை தளர்ந்தது. 1995 சனவரியில் போர்நிறுத்தம் வந்தது, ஏப்ரலில் முறிந்தது. யூலை 9ஆம் நாள், இடம்பெயர்ந்த மக்கள் தஞ்சமடைந்திருந்த நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தின் மீது விமானக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

எங்கள் அயல்வீட்டு அம்மாவின் மகள் அந்தப் பகுதியில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வலிகாமத்தில் ஏதோ நடந்துவிட்டது என்ற வாய்ச்செய்தி மட்டும் வந்திருந்தது. எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. இரவு அவர் எங்கள் திண்ணையில் வந்து குந்திக்கொண்டார். செய்தி தொடங்கியது. இடத்தின் பெயர் வருவதற்குள் குரல் தேய்ந்து நின்றுவிட்டது. சைக்கிளோடு என் தம்பி வெளியே போயிருந்தான்.

வீட்டில் வேறு இரண்டு பற்றரிகள் இருந்தன. அவை ரோச்சுக்குள் இருந்தவை. பாம்பு, பிரசவம், இரவில் பதுங்குகுழி என்ற மூன்றுக்குமன்றி அவற்றைத் தொடக்கூடாது என்பது என் தாயாரின் கட்டளை. என்னைப் பத்திரிகைக்காரன் என்றும் பாராமல் பலமுறை கடிந்திருக்கிறார். அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் ரோச்சைத் திறந்து, இரண்டு பற்றரிகளையும் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

நவாலி என்ற பெயரை நாங்கள் கேட்டோம். அந்த அம்மா சத்தமில்லாமல் எழுந்து போனார். மகள் உயிரோடிருக்கிறாள் என்று சைக்கிளில் ஆள் வந்து சொல்ல இரண்டு நாட்கள் சென்றன. அந்த இரண்டு இரவுகளும் எங்கள் வீட்டில் ரோச் இல்லை. அதைப்பற்றி என் தாயார் எப்போதும் பேசவில்லை. பொருளை ஏன் சேமிக்கிறோம் என்று அன்றுதான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

அதே ஆண்டு ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. இலட்சக்கணக்கானோர் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தபோது, நெல்லியடியின் வீடுகளும் பாடசாலைகளும் நிரம்பின. ஒரு றேடியோவைச் சுற்றி நாலைந்து குடும்பங்கள் இருந்தன. பெடல் சுற்ற ஆட்களுக்குப் பஞ்சமிருக்கவில்லை.

பின்னாளில் அறிந்த ஒரு செய்தி என்னைத் திகைக்கவைத்தது. மீள மின்னேற்றக்கூடிய இலித்தியம் அயன் மின்கலத்தை யப்பானின் சோனி நிறுவனம் முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது 1991இல். நாங்கள் முற்றத்தில் பற்றரி காயவைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டு! அதற்கு வழிகோலிய குடினஃப், விட்டிங்காம், யொசினோ ஆகிய மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. என் சுட்டியின் வயிற்றிலிருப்பதும் அந்த இனம்தான்.

இந்தப் புதிய இனத்துக்குப் பழைய வைத்தியம் சில பொருந்தும், சில பொருந்தா. வேலை முடிந்ததும் நிறுத்திவைப்பது பொருந்தும். பளபளப்பான மேசையில் ஓட்டாமல் மங்கலான விரிப்பில் ஓட்டினால், அடியிலுள்ள ஒளிக்கு வேலை குறையலாம். வெயிலில் வைப்பதோ கூடவே கூடாது. வெப்பம் இலித்தியத்தின் ஆயுளைத் தின்றுவிடும். அடியோடு தீரவிடுவதும், நிரம்பிய பின்னும் நாட்கணக்கில் செருகி வைப்பதும் நல்லதல்ல. கால்பங்கு மிஞ்சும்போது ஏற்றி, நிரம்புமுன் கழற்றுவது உத்தமம்.

இப்போது என் சுட்டி ஒரு மாதத்துக்கு மேல் நிற்கிறது. பேரனுக்கு மகிழ்ச்சி, தான் சொன்னபடி கேட்டதால்தான் என்கிறான். இருக்கட்டும். ஒவ்வோர் இரவும் அந்தச் சிறிய சுவிச்சை நிறுத்தும்போது, துணியில் சுற்றிய இரண்டு பற்றரிகளும் அவற்றை நீட்டிய ஒரு கையும் என் நினைவில் வந்துபோகின்றன. அடுத்தமுறை அவன் ஊருக்கு வரும்போது, எங்கள் கொட்டிலில் துருப்பிடித்துக் கிடக்கும் அந்த டைனமோவை அவன் கையில் கொடுத்து இந்தக் கதையைச் சொல்லவேண்டும்.