ரோஜா இதழும் நெகிழ் அழுத்த உணரியும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கர்நாடக எல்லையோரம் அமைந்த ஓசூர் இரண்டு தொழில்களுக்குப் பெயர் பெற்றது. ஒன்று, சிப்காட் வளாகங்களைச் சுற்றி வளர்ந்த வாகன, கைக்கடிகார, மின்னணுத் தொழிற்சாலைகள். மற்றொன்று, பசுமைக்குடில்களில் விளைந்து காதலர் தினத்தையொட்டி வெளிநாடுகளுக்கும் செல்லும் ரோஜா. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும் மலரிதழும் மின்னணுவியலும் நெகிழ் அழுத்த உணரியின் வரலாற்றில் சந்தித்துள்ளன. அந்தச் சந்திப்பு நிகழ்ந்தது வெளிநாட்டு ஆய்வகங்களில்.

தொடுதலையும் அழுத்தத்தையும் மின்குறிப்பாக மாற்றும் வளையக்கூடிய மென்படலமே நெகிழ் அழுத்த உணரி. நாடித்துடிப்பை அளக்கவும், செயற்கைக் கைக்கும் எந்திரக் கைக்கும் தொடு உணர்வு தரவும் இது வேண்டப்படுகிறது. தொடக்கத்தில் தடையாக நின்றது ரப்பரின் இயல்புதான். தட்டையான ரப்பர் படலத்தை அழுத்தினால் அதன் பருமன் ஏறக்குறைய மாறுவதில்லை. பக்கவாட்டில் பிதுங்க இடமில்லாததால் அது மிகச் சிறிதே அமுங்கும். மெல்லிய தொடுகை பதிவாகாமலே போய்விடும்.

2010இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செனான் பாவோ குழுவினர் இதற்கு வழி கண்டனர். படலத்தின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத பிரமிடுகளை வரிசையாக வார்த்தனர். பிரமிடுகளுக்கு இடையிலுள்ள காற்றிடம் ரப்பர் அமுங்க வழிவிட்டது. மின்தேக்குத்திறன் மாற்றமும் பன்மடங்கு கூடியது. ஓர் ஈயின் எடையைக்கூட அந்த உணரி உணர்ந்தது. ஆனால் பிரமிடுகளை வார்க்கும் அச்சைச் சிலிக்கான் வில்லையில் செதுக்க வேண்டும். அதற்குத் தூய்மை அறையும் விலையுயர்ந்த கருவிகளும் தேவை. எல்லாக் கல்லூரி ஆய்வகங்களுக்கும் அது எட்டாது.

அத்தகைய நுண்மேடுகள் செடிகளில் ஏற்கெனவே உள்ளன. தாமரை இலையின் நுண்பரப்பை ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1997இல் விளக்கியிருந்தார். 2008இல் சீன ஆய்வாளர்கள் சிவப்பு ரோஜா இதழை ஆராய்ந்தனர். சுமார் 16 மைக்ரோமீட்டர் விட்டமும் 7 மைக்ரோமீட்டர் உயரமும் கொண்ட நுண்மேடுகளையும், அவற்றின் உச்சியில் இன்னும் நுண்ணிய மடிப்புகளையும் அதில் கண்டனர். இதழைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் அதில் உருண்டு நிற்கும் நீர்த்துளி விழாமலிருப்பது இவற்றால்தான்.

இந்த ஆராய்ச்சிகள் நீரைப் பற்றியவை. அழுத்த உணரிக்குத் தாவரப் பரப்பை அச்சாக்கும் முயற்சிகள் அதன்பின் வந்தன. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தினர் 2015இல் தொட்டாற்சிணுங்கி இலையை முன்மாதிரியாகக் கொண்ட உணரியை வெளியிட்டனர். அதே ஆண்டில் சீனாவில் மலரிதழை அச்சாகக் கொண்ட மின்தோல் உருவானது. செய்முறை எளிது. இதழின்மேல் திரவச் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி, இதழ் சுருங்காதபடி மிதமான சூட்டில் இறுகவிட்டு உரித்தால் மேடுகளெல்லாம் பள்ளங்களாகப் பதிந்திருக்கும். அதன்மேல் மீண்டும் வார்த்தால் மேடுகள் திரும்பக் கிடைக்கும். பிறகு வெள்ளி நுண்கம்பி போன்ற மின்கடத்தி பூசப்படும். அழுத்தம் கூடக்கூட மேடுகள் நசுங்கித் தொடும் பரப்பு விரியும், மின்தடை குறையும்.

அச்சுக்கான செலவு ஏறத்தாழ ஒரு பூவின் விலைதான். சிக்கல் வேறிடத்தில் உள்ளது. ஓர் இதழைப் போல இன்னொன்று இருப்பதில்லை. ஒரே இதழின் நுனியும் அடியும்கூட வேறுபடும். ஒரே அழுத்தத்திற்கு இரண்டு உணரிகள் இரண்டு அளவுகளைக் காட்டினால் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளவுதிருத்தம் செய்ய வேண்டியிருக்கும். ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி பாகங்களைக் கேட்கும் தொழிற்சாலைக்கு அது கட்டுப்படியாகாது. இதனால் ஒழுங்கான பிரமிடு அச்சுகள் கைவிடப்படவில்லை. தாவர வழியில் செல்வோர், நன்கு பதிந்த ஒரே இதழின் எதிரச்சைப் பாதுகாத்து, அதிலிருந்தே மீண்டும் மீண்டும் வார்க்கின்றனர்.