திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் பெந்தெகொஸ்தே சபை

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலரில் பள்ளிகளையும் பட்டதாரிகளையும் பற்றி எழுதுவது இயல்பு. அவற்றோடு, நம் காலனிகளில் கூரைக் கொட்டகைகளாகத் தொடங்கி வளர்ந்த பெந்தெகொஸ்தே சபைகளைப் பற்றியும் எழுதுதல் கடமை எனக் கருதுகிறோம். நம்முள் இச்சபையை ஏற்றவரும் உண்டு, ஏற்காதவரும் உண்டு. எனினும் நம் மக்கள் தாமே தொடங்கித் தாமே நடத்திய அமைப்புகளுள் இதுவும் ஒன்று என்பதை எவரும் மறுக்க இயலாது.

நம் பகுதிக்குக் கிறிஸ்தவ சமயம் இச்சபையால் வந்ததன்று. 1853-இல் ஸ்கட்டர் சகோதரர்கள் நிறுவிய அமெரிக்க ஆற்காடு மிஷன், திண்டிவனத்தைத் தன் நிலையங்களுள் ஒன்றாக்கிக்கொண்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தின்போதும் அதன் பின்னும் சேரி மக்கள் பலர் அதில் இணைந்தனர். கஞ்சிக்காகச் சேர்ந்தவர் என்று அவர்களை ஏளனம் செய்தோர் உண்டு. பஞ்சம் தீர்ந்த பின்னும் நிலைத்து நின்ற கிராமச் சபைகளே அவ்வேளனத்திற்கு விடையாகும். தெற்கே மேல்பட்டாம்பாக்கத்தில் பணி தொடங்கிய கார்ல் ஒக்ஸ் என்பாரின் வரலாறும் நாம் அறியத்தக்கது. திருச்சபைக்குள் சாதிக்கு இடங்கொடுத்தலாகாது என்று வாதாடி, தம் லைப்சிக் மிஷனை விட்டே விலகியவர் அவர். அவர் தொடங்கிய பணி பின்னர் டேனிஷ் மிஷனோடு இணைந்தது.

இம்மிஷன்கள் நமக்கு எழுத்தறிவைத் தந்தன. அந்நன்றியை மறத்தல் தகாது. ஆயினும் பிரசங்க பீடம் பயிற்சி பெற்ற சிலருக்கே உரியதாயிருந்தது. கூலி வேலை செய்யும் விசுவாசி கேட்பவனாக மட்டுமே இருந்தான். பழைய திருச்சபைகள் பலவற்றில் இருக்கையிலும் கல்லறையிலும் சாதி தொடர்ந்தது. 2008-இல், அன்று விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த எறையூரில், ஆதிதிராவிடக் கத்தோலிக்கர் தமக்கெனத் தனிப் பங்கு கேட்டதும் அதையொட்டி எழுந்த கலவரமும் அந்நோய் இன்னும் தீரவில்லை என்பதைக் காட்டின.

இத்தகைய விலக்கை அனுபவித்த ஒருவராலேயே பெந்தெகொஸ்தே இயக்கம் உலகறியப்பட்டது என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும். அவர் பெயர் வில்லியம் சீமோர். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்கு 1870-இல் பிறந்த கறுப்பினத்தவர். ஹூஸ்டன் நகரின் வேதப் பள்ளியொன்றில் வெள்ளையரோடு சமமாக அமர அவருக்கு அனுமதியில்லை. வகுப்பறைக்கு வெளியே இருந்து, திறந்த கதவின் வழியே பாடம் கேட்டார். 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருவில், முன்பு குதிரை லாயமாகவும் பயன்பட்ட ஒரு கட்டடத்தில் கூட்டம் நடத்தினார். மரப்பெட்டிகளே அவருடைய பிரசங்க பீடம். அங்கே கறுப்பரும் வெள்ளையரும் ஒருங்கே முழங்காற்படியிட்டனர். வெளியே நிறுத்தப்பட்டவர் எழுப்பிய சபையில் வெளியே நிற்பவர் எவருமில்லை!

தமிழகத்திற்கு இத்தகைய எழுப்புதல் முற்றிலும் புதியதன்று. 1860-லேயே திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் தலைமையில் அந்நிய பாஷை பேசுதலும் தீர்க்கதரிசனமும் நிகழ்ந்தன. பின்னர் 1920-களில் கொழும்பில் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் தோன்றியது. அதை நிறுவிய பாஸ்டர் பால், ராமன்குட்டி என்னும் இயற்பெயருடைய கேரளத்தவர்; சிறு வயதில் வேலைக்காக இலங்கை சென்றவர். வெள்ளுடை தரித்து, மணம் செய்யாது, சம்பளம் பெறாது விசுவாச வீடுகளில் வாழும் ஊழியர்களால் அம்மிஷன் தமிழகமெங்கும் பரவியது. வேறு பல பெந்தெகொஸ்தே சபைகளும் பின்தொடர்ந்தன.

நம் காலனிகளில் இச்சபைகள் வேரூன்றிய முறை பெரும்பாலும் ஒன்றே. முதலில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஜெபம். பின்பு ஓலைக் கொட்டகை. ஆண்டுகள் கடந்து, விசுவாசிகளின் காணிக்கையாலும் கையுழைப்பாலும் ஓட்டுக் கட்டடம். அங்கே அனைவரும் பாயில் அமர்ந்தனர்; இருக்கையில் உயர்வு தாழ்வு எழ வழியில்லை. பகலெல்லாம் நாற்று நட்ட பெண், இரவுக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். ஊர்த்தெருவில் வாய் திறக்க அஞ்சியவன் பலர் முன்னிலையில் உரக்க ஜெபித்தான். வேதத்தைத் தாமே வாசிக்கும் ஆவலால் எழுத்துக் கற்ற முதியோரும் உண்டு. குடியை விட்டதால் மிஞ்சிய கூலி பிள்ளைகளின் புத்தகமாக மாறிய குடும்பங்களும் உண்டு. பேசும் துணிவே இச்சபை நமக்களித்த பெருங்கொடை என்பது எம் கருத்து.

குறைகளையும் மறைத்தலாகாது. ஜெபம் போதும், மருந்து வேண்டாம் என்று போதித்தோர் உண்டு. ஆண் மருத்துவரை அனுமதிக்க மறுத்த வழக்கத்தால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தது இதே திண்டிவனத்தில்தான். அதைக் கண்ட ஐடா ஸ்கட்டர் மருத்துவம் கற்று 1900-இல் திரும்பி, வேலூர் மருத்துவமனையை உருவாக்கினார். ஜெபிப்பவர் மருத்துவரையும் நாடுதல் வேண்டும் என்பதற்கு நம் ஊரைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ? சாதியும் இவ்வியக்கத்தை விட்டு முற்றிலும் நீங்கிவிடவில்லை. கேரளத்தில் 1970-களின் தொடக்கத்தில் சர்ச் ஆஃப் காட் சபையின் தலித் விசுவாசிகள் தனி நிர்வாகம் வேண்டிப் பிரிய நேர்ந்தது.

இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களல்லாதாரைப் பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அவ்வுரிமை கிட்டியது, கிறிஸ்தவருக்குக் கிட்டவில்லை. மதம் மாறியதால் சேரி ஊராகிவிடவில்லை. ஆனால் சலுகை மட்டும் போயிற்று. ஆகவே சபையில் ஒரு பெயரும் சான்றிதழில் ஒரு பெயருமாக வாழ்வோர் பலர். தம் பெயரைப் பதிவேட்டில் எழுதவே அஞ்சுவோரின் வரலாறு எவ்வாறு எழுதப்படும்? நம் சபைகளைத் தொடங்கிய முதியோர் மறையும்போது அவர்களுடைய வரலாறும் உடன் மறைவது இதனாலேயே.

இளைஞர்களே! உங்கள் காலனியில் முதற்கொட்டகை எந்த ஆண்டில் எழுந்தது, அதற்கு ஓலை சுமந்தவர் யார், அங்கே எழுத்துக் கற்றவர் யார் என்று பெரியோரைக் கேட்டு எழுதி வையுங்கள். பெயரை வெளியிட விரும்பாதவரின் பெயரைக் காத்து, நிகழ்ச்சியை எழுதுங்கள். நம்மைப் பற்றிப் பிறர் எழுதிய அறிக்கைகள் பல உண்டு. நாமே எழுதும் ஏடு இவ்வெள்ளி விழா ஆண்டிலேனும் தொடங்கட்டும்.