உட்கார்றதும் உரிமைதான் மக்களே!

உடையார்பாளையத்துல நெசவாளர் தறியில உட்கார்ந்துதான் சேலை நெய்வார். அதை ஜவுளிக்கடையில விற்கிறவங்களுக்கோ நாள் முழுக்க நின்னாதான் வேலை! 'அங்காடித் தெரு' (2010) படத்துல பார்த்தோமே, அந்தக் கஷ்டம்தான். மணிக்கணக்கா நின்னா கால் வீக்கம், முதுகுவலி, நரம்புச் சுருட்டல் எல்லாம் வரலாம்.

இதை மாத்தத்தான் 2021 செப்டம்பரில், 1947-ம் வருஷத்து கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் தமிழக சட்டப்பேரவை திருத்தியது. கேரளா 2018-லேயே இதைச் செஞ்சிருச்சு.

புதுசா சேர்த்த 22-ஏ பிரிவு சொல்றது இதுதான்: எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்கணும், வேலைக்கு நடுவுல வாய்ப்பு கிடைச்சா உட்காரலாம்.

கஸ்டமர் வந்தா எழுந்து கவனிக்கணும், அதுல மாற்றமில்லை. கூட்டம் இல்லாதப்போ உட்கார்றதை சூப்பர்வைசர் தடுக்கக் கூடாது. ஸ்டூல் போடுறது முதலாளியோட பொறுப்பு.

இதே சட்டத்துல இன்னும் ரெண்டு விஷயம்: 4 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கணும்னா நடுவுல 1 மணி நேரம் ஓய்வு தரணும். வாரத்துல 1 நாள் லீவு உண்டு.

இதெல்லாம் உங்க கடையில இல்லையா? முதல்ல மேனேஜர்கிட்ட கேளுங்க. நடக்கலைன்னா தொழிலாளர் துறையில புகார் கொடுக்கலாம்.

ஷாப்பிங் போறவங்களுக்கும் ஒரு வார்த்தை... ஊழியர் உட்கார்ந்திருந்தா முகம் சுளிக்காதீங்க. அது சோம்பேறித்தனம் இல்லை, சட்டம் கொடுத்த உரிமை!