காவலூர் இரவுகளும் பெண் வானியலாளர்களின் பணித்தொடர்ச்சியும்

விண்வெளித் துறையில் பெண்களின் நிலையைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறோம்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எந்தத் திட்டத்துக்கு யார் தலைமை ஏற்றார்கள் என்று. செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி, சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநரானது பெருமைக்குரியதுதான். ஆனால் சேர்ந்தவர் இருபது ஆண்டுகள் கழித்தும் ஆய்வில் நீடிப்பாரா என்பது, வேலை நேரத்தை யாருடைய வாழ்க்கையை மனத்தில் வைத்து வகுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் அதைத் தெளிவாகக் காணலாம் என்பதே என் வாதம்.

வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இந்த இடத்தில் 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் 1986இல் 2.3 மீட்டர் தொலைநோக்கியும் இயங்கத் தொடங்கின. ஆலங்காயம் வழியாக ஏறிவந்து, ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், மின்விளக்கு மிகாத காட்டு நடுவே வேலை. அந்தி மங்கும்போதே, கருவியின் சீரின்மையைத் திருத்த உதவும் ஒளிச்சீர்மைப் படங்கள் எடுத்தாக வேண்டும். இருட்டியதும் விண்மீனை நிறமாலைமானியின் பிளவுத்துளையில் நிறுத்தி, ஒப்பீட்டு விளக்கின் கோடுகளையும் பதிந்து, மறுபடி விண்மீனுக்குத் திரும்பி, இப்படியே விடியும் வரை. முன்மொழிவு எழுதிக் குழுவிடம் பெற்ற இரவுகள் நாலோ ஐந்தோதான் இருக்கும். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஓரிரவை விட்டால் அது போனதுதான்.

வானியலாளர் ஜி. சி. அனுபமாவின் ஆய்வுவாழ்வு இந்த இரவுகளில் வேர்கொண்டது. ஆர்.எஸ். ஒஃபியூச்சி என்ற, மீண்டும் மீண்டும் வெடிக்கும் நோவா 1985இல் வெடித்தபோது காவலூரில் பதிவான நிறமாலைகளை டி. பி. பிரபுவுடன் சேர்ந்து ஆராய்ந்து 1989இல் வெளியிட்டார். நோவா யாருடைய வசதிக்காகவும் காத்திராது. நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே போகும். பின்னாளில் இந்திய வானியல் கழகத்தின் முதல் பெண் தலைவரானார் அவர். காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் ஆய்வு மாணவியாக இருந்த அன்னபூரணி சுப்பிரமணியம் 2019இல் அதன் இயக்குநரானார். 2015இல் ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கிக்கு அளவீட்டுச் சீரமைப்பைக் கவனித்தவரும் அவரே. வானில் சுற்றும் கருவியை நம்பத்தக்கதாக்குவது, தரையில் ஒளியை எண்ணிப் பழகும் இதே கைத்திறன்தான். ஆகவே மலையேற முடியாதவருக்கு ஓரிரவு மட்டும் போவதில்லை. பின்னால் வரும் விண்கலமும் எட்டாமல் போகலாம்.

சட்டம் என்ன செய்கிறது? 2017இன் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் 26 வார விடுப்பும், ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகமும் கொண்டுவந்தது. நல்ல சட்டம். ஆனால் அதை எழுதியவர்கள் மனத்தில் இருந்தது பகல் அலுவலகம். காப்பகம் மூடும் வேளையில்தான் தொலைநோக்கியின் குவிமாடம் திறக்கிறது.

மலைக்கே போகாமல் பார்க்கும் வழியும் உண்டு. லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில், அனுபமாவும் பங்கேற்று உருவாக்கிய ஹான்லே தொலைநோக்கியை, பெங்களூரு அருகே ஓசகோட்டையிலிருந்தே இயக்குகிறார்கள். பயணம் மிச்சம்; கண்விழிப்பு மிச்சமில்லை. இப்படித் தொலைவிலிருந்து இயக்குவதே தீர்வு என்று நண்பர்கள் சொல்லும்போது எனக்கு முழு உடன்பாடு வருவதில்லை. கருவியைக் கழற்றி மாட்டிப் பார்த்தவருக்கே அடுத்த கருவியை வடிவமைக்கும் துணிவு வரும். அந்தப் பயிற்சிக்குக் காவலூர் போன்ற, கைக்கெட்டும் தூரத்து மலை வேண்டும்.

எனவே கேட்க வேண்டியவை சிறியவை, ஆனால் திட்டவட்டமானவை: பிள்ளைப்பேற்றாலோ நோயாலோ இழந்த இரவுகளை அடுத்த பருவத்தில் திருப்பித் தரும் விதி, கைக்குழந்தையோடு வரும் ஆய்வாளருக்கும் துணைக்கு வரும் அவருடைய அம்மாவுக்கும் விருந்தினர் விடுதியில் ஓர் அறை, அந்த அம்மாவின் பேருந்துச் செலவு ஆய்வு நிதியிலேயே.