மானிய மதிப்பீட்டுச் சட்டங்கள்

தொழில் தொடங்க வருவோருக்கு அரசு விட்டுக்கொடுக்கும் வரி, தரும் பணம், சலுகை விலை நிலம் ஆகியவற்றால் சொன்ன பயன் விளைந்ததா என்று காலந்தோறும் ஆராயக் கட்டாயப்படுத்தும் சட்டங்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம் 2006இலும் ஓக்லஹோமா 2015இலும் இதற்கென ஆணையங்களைச் சட்டப்படி அமைத்தன. தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் கிடையாது.

மானியம் என்ற சொல் முதலில் குறித்தது நிலத்தை. திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் கல்வெட்டுகளில் இறையிலிக் கொடைகள் பல உண்டு. இனாம் எனப்பட்ட, வரியில்லாத இத்தகைய நிலங்களை ஆராயச் சென்னை மாகாண அரசு 1858இல் இனாம் ஆணையத்தை அமைத்தது. அதன் பதிவேட்டில் ஊர்வாரியாக நிலத்தின் பரப்பு, கொடுத்தவர், எந்த ஊழியத்துக்காகக் கொடுத்தது, இப்போது அனுபவிப்பவர் யார் என்றெல்லாம் எழுதினார்கள். பூசைக்கு விட்ட நிலமென்றால் பூசை நடக்கிறதா என்றும் விசாரித்தார்கள். வருவாயைப் பெருக்குவதே அரசின் எண்ணம் என்றாலும், சலுகையையும் அதன் பயனையும் அருகருகே எழுதவைத்த ஏடு அது. கோயில் நில வழக்குகளில் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

புதிய மானியங்களுக்கு அப்படியோர் ஏடு அமையவில்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையரின் கடமைகளை வரையறுத்த 1971ஆம் ஆண்டுச் சட்டம் தணிக்கைக்கு இடம் தருகிறது. எந்தச் சலுகையை எப்போது ஆராய்வது என்பது தணிக்கையர் விருப்பம். தமிழ்நாட்டின் 2003 நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் பற்றாக்குறைக்கு வரம்பு கட்டியது; சலுகைகளின் பயனை ஆராயச் சொல்லவில்லை. மத்திய அரசு 2006-07 முதல் பட்ஜெட்டோடு இணைத்துவரும் பட்டியல், கைவிட்ட வரியின் தொகையைச் சொல்லும். அதனால் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதைச் சொல்லாது. தணிக்கையர் முனைந்தால் எவ்வளவு தெரியவரும் என்பதற்குச் சிறப்புப் பொருளாதார மண்டலங்கள் பற்றிய 2014 அறிக்கை சான்று: அறிவிக்கப்பட்ட சுமார் 45,600 ஹெக்டேரில் 28,500 ஹெக்டேர் அளவில்தான் பணி தொடங்கியிருந்தது.

சலுகைக்கு ஈடாக என்ன கிடைத்தது என்பது திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாறு பகுதியின் கேள்வி. அங்குள்ள சிப்காட் தொழில் வளாகத்தின் காலணி ஆலைக்குச் சுற்றுவட்டாரக் கிராமப் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். அந்தச் சம்பளம் பல குடும்பங்களுக்கு ஆதாரம். சலுகையின் பயனை எழுதும் கணக்கில் அதற்கு முதலிடம் தரவேண்டும். அதே கணக்கில் இழந்த விளைநிலமும் ஏறவேண்டும். வளாகத்தின் மூன்றாம் கட்ட விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து 2023இல் மேல்மா பகுதி உழவர்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். நவம்பரில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. முதலிரு கட்டங்களில் எடுத்த நிலம் என்ன தந்தது என்பதை மூன்றாம் கட்டத்துக்கு முன் சட்டமன்றத்தில் வைத்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை.