அடுத்த அமாவாசைக்கு: செஞ்சி வட்டாரத்தில் விளையாட்டுப் பொருளும் பெற்றோரின் மறுப்பும்

செஞ்சி வட்டாரத்தில் பிள்ளை கேட்கும் விளையாட்டுப் பொருளை முகத்தில் அடித்தாற்போல் மறுப்பதைவிட, நாள் சொல்லித் தள்ளிப்போடுவது எளிதாக இருந்தது. அதற்கு ஊரின் நாட்காட்டியே இடம் கொடுத்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய குன்றுகளை மதிலால் இணைத்த கோட்டையின் அடிவாரத்து ஊரில் வெள்ளிக்கிழமை கூடும் வாரச்சந்தை ஆட்டு வணிகத்துக்குப் பேர்போனது. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசைதோறும் இரவில் ஊஞ்சல் உற்சவம் நடக்கிறது. மாசியில் மகா சிவராத்திரியை ஒட்டி, சுடலையில் அம்மன் சூறையிடுவதாக நிகழ்த்தப்படும் மயானக் கொள்ளையும் அதன்பின் தேரோட்டமும் வருகின்றன. சந்தைக்கு, அமாவாசைக்கு, தேருக்கு என்று மூன்று தவணைகள் பெற்றோர் கையில் இருந்தன. பொருளின் விலை ஏற ஏறத் தவணையும் நீண்டது. பல ஊர்களில் திருவிழா ஆண்டுக்கொரு முறை வர, இங்கே அமாவாசை மாதந்தோறும் வந்து கொடுத்த வாக்கை நினைவூட்டிவிடும் என்பது இவ்வட்டாரப் பெற்றோரின் சங்கடம்.

பிள்ளையின் ஆசையும் பெற்றோரின் இயலாமையும் தமிழில் மிகப் பழைய செய்திகள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் செய்த, ஏறி ஊர முடியாத சிறுதேரை இழுத்துத் தளர்ந்த பிள்ளைகள் காட்டப்படுகின்றனர். தும்பிசேர்கீரனின் குறுந்தொகைப் பாட்டு (61), அத்தகைய தேரைக் கையால் இழுப்பதே சிறுவர்க்குப் போதிய இன்பம் என்பதை உவமையாக்குகிறது. மறுமுனையில், புறநானூற்றில் புலவர் பெருஞ்சித்திரனார் வள்ளல் குமணனை நோக்கிப் பாடிய பாட்டில் (160), பசித்தழும் மகனுக்குக் கொடுக்க ஏதுமற்ற தாய், புலியைச் சொல்லி அச்சுறுத்தியும் நிலவைக் காட்டியும் அவன் மனத்தைத் திருப்ப முயல்கிறாள். அங்கே மறுப்பு கண்டிப்பினால் வந்ததன்று, வறுமையால் வந்தது. ஆயினும் கவனத்தைத் திருப்பும் அந்த உத்தி வறுமை நீங்கிய வீடுகளிலும் நிலைத்தது. கைக்கெட்டாத நிலவையே விளையாட்டுத் தோழனாக அழைக்கும் அம்புலிப் பருவம் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகையில் ஒரு தனிப் பகுதியாக வளர்ந்தபோது, சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் அரசியல் உபாயங்கள் நான்கையும் புலவர்கள் நிலவின் மீது பிரயோகித்தனர். இந்நான்கையும் இன்று கடைவாசலில் பெற்றோர் மீது பிரயோகிப்பவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே பொருளின் மேல் ஊர்ப்பிள்ளைகள் அனைவரும் ஒரே சமயத்தில் பித்துக்கொள்வதும் புதிதன்று. பம்பரம், கோலி, காற்றாடி ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம் இருந்தது. நேற்றுவரை தெருவெங்கும் சுழன்ற பம்பரம் ஒரு நாளில் பரணேறும், அதை அறிவித்தவர் எவரும் இலர். செஞ்சி அடங்கிய, பனை மிகுந்த விழுப்புரம் மாவட்டத்தில், நுங்கு எடுத்த இரு கோம்பைகளைக் குச்சியால் இணைத்து, கவைக்கொம்பால் தள்ளி ஓட்டும் நுங்கு வண்டி கோடையில் பிறந்து, கோம்பை உலர்ந்து சுருங்கியதும் முடிந்தது. காசு கேளாத பொருளுக்கு மறுப்பும் தேவைப்படவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளோ நீண்ட காலம் உழைத்தது: நடை பழகும் பிள்ளை பிடித்துத் தள்ளும் மூன்று சக்கர நடைவண்டி அடுத்தடுத்த பிள்ளைகளுக்கும், செஞ்சந்தனம் முதலிய மரத்தில் கடைந்த மரப்பாச்சி மகளுக்கும் பேத்திக்கும் சென்றது.

பருவத்தை மழையும் வெயிலும் அன்றி விற்பனையாளர் வகுக்கத் தொடங்கியதே உண்மையான மாற்றம். பப்பிள்கம் உறைக்குள் வந்த கிரிக்கெட் வீரர் படங்கள், மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டுகள், 1997 முதல் தூர்தர்ஷனில் வந்த சக்திமானின் உடை ஆகியவற்றுக்குப் பின், ஜப்பானில் 1999இல் உருவான பேபிளேடு, தச்சர் கடைந்த பம்பரத்தின் இடத்தைப் பிளாஸ்டிக்கும் உலோகமுமாகப் பிடித்தது. 2017இல் விரலில் சுழலும் ஸ்பின்னரும், 2021இல் குமிழ்களை அமுக்கும் பாப்-இட்டும், 2025இல் பல்லிளிக்கும் லபூபு பொம்மையும் உலகெங்கும் பரவின. முழுத்தொகுதி சேர்ந்தால்தான் நிறைவு என்று அமைந்த அட்டைகளும், பிரித்துப் பார்க்கும்வரை உள்ளிருப்பது தெரியாத லபூபு பெட்டியும், ஒரு முறை 'சரி' என்ற பெற்றோரிடம் பிள்ளையை மறுபடி மறுபடி கேட்க வைக்கவே வடிவமைந்தவை. அலை ஓரிரு மாதங்களில் வடிந்துவிடுவதால், தேர்வரை பொறு என்ற பழைய தவணையும் இங்கே செல்லாக்காசாகிறது; தேர் வருமுன் பொருளின் மவுசு போய்விடும்.

இதே காலத்தில் அரசும் மறுக்கத் தொடங்கியது. அதன் காரணங்கள் மட்டும் வேறு. சீன விளையாட்டுப் பொருள்களின் இறக்குமதிக்கு 2009 ஜனவரியில் ஆறு மாதத் தடை அறிவிக்கப்பட்டது. இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60ஆகவும், 2023இல் 70ஆகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி 1 முதல், நச்சுப் பூச்சு, கூர்முனை போன்ற தீங்குகள் இல்லையெனச் சோதித்து அளிக்கப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை கட்டாயமாயிற்று. பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொருள்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. நடைவண்டி கடையும் தச்சருக்கும் இவ்விலக்கு பொருந்தும், அவர் பதிவு செய்திருந்தால். நுங்கு வண்டியைப் பொறுத்தவரை சட்டத்துக்கு அங்கே வேலையில்லை.