படகின் நிறம்

வீட்டுச் சுவருக்கோ கடையின் பெயர்ப்பலகைக்கோ நிறம் தேர்பவர்கள், எது எதனோடு இசையும் என்றே முதலில் பார்க்கிறார்கள். கடலில் கேள்வி வேறு: எது நீரிலிருந்து பிரிந்து தெரியும்?

தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள தருவைகுளம், செவுள் வலையோடு ஆழ்கடல் செல்லும் விசைப்படகுகளின் ஊர். மரவள்ளங்களுக்கு மீனெண்ணெய் பூசிய காலத்தில் நோக்கம் மரத்தைக் காப்பது மட்டுமே. சாயம் வந்தபின் நிறம் படகுக்காரரின் விருப்பமாயிற்று.

அவ்விருப்பம் 2008 நவம்பருக்குப் பின் குறுகியது. மும்பையைத் தாக்கியவர்கள் ‘குபேர்’ என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, அதில்தான் கரையை நெருங்கியிருந்தார்கள். எந்தப் படகு எந்த மாநிலத்தது என்பது தொலைவிலிருந்தே தெரிய வேண்டும் என்றானது. கேரளத்துக்கு அடர்நீல உடலும் ஆரஞ்சு நிற மேலறையும், தமிழ்நாட்டுக்குப் பச்சையும் வகுக்கப்பட்டன.

நீலமும் ஆரஞ்சும் நிறச்சக்கரத்தில் எதிரெதிர் நிற்பவை. ஒன்று மற்றதை எடுத்துக்காட்டும். பச்சையோ கடலுக்கு நெருங்கிய உறவு. 2017இல் ஒக்கிப் புயலுக்குப் பின் மீனவர்களை வானிலிருந்து தேடிய நாட்களை நினைத்தால், இது வெறும் ரசனை சார்ந்த விஷயமல்ல என்று விளங்கும்.

2024 ஆகஸ்டில் தருவைகுளம் மீனவர்கள் 22 பேரை இரு படகுகளோடு இலங்கைக் கடற்படை பிடித்தது. படகு எக்கரையைச் சேர்ந்தது என்பதை நிறம் சொல்லிவிடும். அவர்கள் ஏன் அவ்வளவு தொலைவு போக நேர்ந்தது என்பதை நாம்தான் கேட்டறிய வேண்டும்.